குழம்பு மீனுக்குக் கழியைத் திறப்பது எப்படி

வாடைக்காற்று அடிக்கும் மூன்று மாதமும் எங்கள் பக்கம் வத்தை என்கிற நாட்டுப் படகு கடலில் இறங்காது. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் இருக்கிறது ஊர். பாக் விரிகுடாவுக்கு நேரே நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பதால் ஐப்பசி பிறந்தாலே அலை கரையில் வந்து அறையும். அந்த மூன்று மாதமும் எங்களுக்குக் குழம்பு கொடுத்தது ஊருக்குத் தெற்கே கிடக்கும் கழிதான், கடல் தண்ணீர் ஓடை வழியாக வந்து தேங்கும் உப்புநீர்ப் பரப்பு. அப்பா வீச்சு வலையில் மடவை மீன் எடுப்பார். ஆத்தா இடுப்பில் மீன் போடும் பறியைக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறாலும் செத்தக்கெண்டையும் பிடித்துவிடும். உலை வைத்துவிட்டுப் போய், சோறு வடிப்பதற்குள் திரும்பிவிடும் என்று சொன்னால் என் பேத்தி நம்புவதில்லை.

1990-களில் இறால் பண்ணை வந்தது. கழிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஓடையின் குறுக்கே மண் கரை போட்டார்கள். கரைக்குக் கீழே இரண்டு சிமெண்ட் குழாய் வைத்தார்கள். 1994-ல் வெள்ளைப்புள்ளி நோய் இந்தியக் கரைக்கு வந்தது. இரண்டு வருஷத்தில் பண்ணைக்காரர் போய்விட்டார், கரை மட்டும் போகவில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். பண்ணைக்குக் குஞ்சு பிடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இரவில் லைட்டைக் கட்டி, கொசுவலையை விரித்து, கழிக்குள் வரவேண்டியதையெல்லாம் வாசலிலேயே வழித்து விற்றேன். எந்தக் குஞ்சு எந்த அமாவாசைக்கு வரும் என்று அப்போது படித்த பாடம்தான் இப்போது கழியை மீட்க உதவுகிறது.

ஆறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறோம். உங்கள் ஊரில் செத்துக் கிடக்கும் கழி இருந்தால், எங்கே தொடங்குவது, எதில் நாங்கள் இடறினோம் என்று எழுதுகிறேன்.

முதலில், குஞ்சு வாங்கி விடாதீர்கள்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், எங்களுக்கும் தோன்றியது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, மடவைக் குஞ்சு வாங்கிக் கழியில் விட்டோம். நன்றாகவே வளர்ந்தது. அடுத்த பொங்கலுக்குள் ஒரு கையளவு ஆனது, வலை போட்டு எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பிட்டோம். அதற்கடுத்த வருஷம் கழியில் தவளைகூட இல்லை. கழியைக் குளமாக நினைத்ததுதான் தவறு. மடவை கழியில் முட்டையிடாது. வளர்வது கழியில், சினை விடுவது கடலில். பால்மீனும் அப்படித்தான், கொடுவாவும் அப்படித்தான். வெளியே போக வழி இல்லாத கழியில் எத்தனை குஞ்சு விட்டாலும் அது ஒருமுறைச் சாப்பாடுதான்.

என் மகள் கனடாவில் கெலோனா என்ற ஊரில் இருக்கிறாள். வீட்டு வாசலில் ஒக்கனாகன் ஏரி. அங்கே சாக்கை என்ற சால்மன் மீனைத் திரும்பக் கொண்டுவர அந்த மண்ணின் பழங்குடி மக்கள் பல வருஷமாக உழைக்கிறார்கள் என்று போனில் சொன்னாள். அந்த மீன் கடலிலிருந்து கொலம்பியா ஆற்றில் ஏறி, 9 அணைகளைத் தாண்டி வர வேண்டுமாம். உள்ளூர் அணைகளில் மீன் ஏற வழி செய்தார்கள், 2014-ல் பென்டிக்டனில் குஞ்சு பொரிப்பகமும் கட்டினார்கள். “அங்கே குஞ்சு விடுகிறார்களே அப்பா, நீங்கள் ஏன் கூடாது என்கிறீர்கள்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சால்மன் நம் மடவைக்கு நேர் தலைகீழ். அது நல்ல தண்ணீரில் பிறந்து, கடலில் கொழுத்து, பிறந்த தண்ணீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்கே வந்து முட்டையிடும். அதனால் அங்கே விட்ட குஞ்சு அங்கேயே திரும்பும். நம் மடவைக்கு அந்தப் பிறந்தவீட்டுப் பாசம் கிடையாது. கடலில் பொரித்த குஞ்சு கரையோரமாக மிதந்து வந்து, எந்தக் கழியின் வாய் திறந்திருக்கிறதோ அதற்குள் நுழையும். அப்படியானால் நாம் செய்ய வேண்டியது குஞ்சு விடுவது இல்லை, வாயைத் திறந்து வைப்பது.

இதற்கு ஒரே விதிவிலக்கு செத்தக்கெண்டை. அது கழிக்குள்ளேயே இனம் பெருக்கும். பக்கத்துக் கழியிலிருந்து இருபது ஜோடி கொண்டுவந்து விட்டால் போதும். ஆனால் முட்டை ஒட்டுவதற்குக் கெட்டியான இடம் வேண்டும். வெறும் சேறாக இருந்தால் உடைந்த ஓடு, மண்சட்டி, தென்னை மட்டை என்று இடுப்பளவு தண்ணீரில் ஆங்காங்கே போடுங்கள். ஒருநாள் காலையில் தண்ணீர் தெளிந்திருந்தபோது பார்த்தேன். கவிழ்ந்த சட்டியின் அடிப்பக்கம் முழுக்கக் கேழ்வரகு ஒட்டியதுபோல முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தன. என் நிழல் விழுந்ததும் ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்றது. கை நீளம்கூட இல்லாத மீன், என்னை முறைக்கிறது! குஞ்சு பொரித்ததும் பக்கத்தில் தோண்டிவைத்த சின்னக் குழிக்கு அவற்றைக் கொண்டுபோய்க் காவல் காக்கும். இதைப் பார்த்த பிறகு அந்தப் பருவத்தில் அந்த மூலையில் யாரும் வலை வீசுவதில்லை. தீர்மானம் எதுவும் போடவில்லை, தானாக வந்த கட்டுப்பாடு.

ஜிலேபிக் கெண்டையை மட்டும் தப்பித்தவறியும் விடாதீர்கள். 1952-ல் நம் நாட்டுக்கு வந்த மீன், உப்பையும் தாங்கும், குஞ்சை வாயிலேயே வைத்து வளர்க்கும். நுழைந்துவிட்டால் வெளியேற்ற வழியில்லை.

ஒரு வருஷம் சும்மா பாருங்கள்

மண்வெட்டியைத் தொடும் முன் ஒரு வருஷம் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். அமாவாசை, பௌர்ணமி இரவுகளில் கடல் ஏற்றம் வரும்போது முகத்துவாரத்தில் கொசுவலையால் பத்து முறை கோருங்கள். கோரியதை வெள்ளை பேசினில் கொட்டி டார்ச் அடித்துப் பார்த்து, எண்ணி, உடனே கழிப்பக்கம் விட்டுவிடுங்கள்.

எது எது என்று கண்டுபிடிப்பது எளிது. பால்மீன் குஞ்சு கண்ணாடி ஊசிபோல இருக்கும், அரை அங்குலம்தான். தண்ணீரில் இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும் நகர்வதுபோலத் தெரியும், அது கண். பேசினில் விட்டால் ஓரத்தை ஒட்டி எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றும், கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல. மடவைக் குஞ்சு வெள்ளி மின்னும், மூலைக்கு மூலை சிதறும். கொடுவாக் குஞ்சு கருத்திருக்கும், தலையில் வெள்ளைக் கோடு. அதை மற்றக் குஞ்சுகளோடு அதிக நேரம் விட்டால் பேசினில் எண்ணிக்கை குறையும், கவனம்.

எங்கள் நோட்டில் வந்தது இது. மடவைக் குஞ்சு கார்த்திகையில் தலைகாட்டி மாசி வரை வருகிறது. பால்மீன் பங்குனியில் தொடங்கி வைகாசி வரை, சித்திரையில் கூட்டம். அப்படியானால் கழிக்கு வருஷத்தில் இரண்டு தடவை வாய் திறக்க வேண்டும். எங்களுக்கு இது தெரிய இரண்டு வருஷம் வீணானது. ஐப்பசியில் மட்டும் திறந்துவிட்டு, பால்மீன் ஏன் வரவில்லை என்று கடலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

குழாயைப் பாருங்கள்

கழி சாவதற்கு முக்கால்வாசிக் காரணம் ஏதாவது ஒரு ரோடோ கரையோ, அதற்குக் கீழே வைத்த குழாயோதான். எங்கள் குழாயின் அடி, ஓடைத் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. பாக் விரிகுடாவில் கடல் ஏறுவதே இரண்டடிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உச்ச ஏற்றத்தில் கொஞ்ச நேரம், குழாய்க்குள் ஒரு சாண் தண்ணீர், அவ்வளவுதான் கழிக்கும் கடலுக்கும் இருந்த உறவு. பழவேற்காட்டிலோ கொச்சியிலோ என்ன செய்தார்கள் என்று கேட்டு அப்படியே செய்ய முடியாது. நம் கடலின் ஏற்றம் குறைவு, ஒரு சாண் தப்பானாலும் எல்லாம் தப்பு.

குழாயை எடுத்துவிட்டு, பெட்டி வடிவில் அகலமாகத் திறந்திருக்கும் பெட்டிப் பாலம் கேளுங்கள், அதன் தரை ஓடைத் தரைக்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வாயால் சொன்னால் மேலே கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கு முதல் முறை அப்படித்தான் கட்டினார்கள், தரையை உடைத்து இறக்கச் சொல்லி இன்னும் ஒரு வருஷம் நடந்தேன். பாலத்தின் இரண்டு பக்கமும் பெரிய கல் போட்டால் ஓரத்தில் தண்ணீர் வேகம் தணியும். குஞ்சு நட்டநடு ஓட்டத்தில் போகாது, சுவரை ஒட்டித்தான் போகும்.

அனுமதி இல்லாமல் எதையும் தோண்டாதீர்கள். கடற்கரை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, அலையாத்தி மரம் நின்றால் வனத்துறையும் உண்டு. ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலை ராமநாதபுரம் மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் தாசில்தாருக்கும் கொடுங்கள். அதற்கு முன் மேற்கே நெல் போடுகிற சம்சாரிகளிடம் பேசிவிடுங்கள். வாயைத் திறந்தால் உப்பு வயலுக்கு ஏறும் என்று அவர்கள் பயப்படுவது நியாயம். ஓடையின் மேல்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு வைத்துக் கொடுத்தோம், சண்டை அத்தோடு முடிந்தது.

வாயை வெட்டுவது

ஐப்பசித் திறப்பு சுலபம். முதல் பெருமழைக்குக் கழி நிரம்பி, கடல் மட்டத்தைவிட உயர்ந்து நிற்கும். அதுவரை வாயை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டைத் தொடாதீர்கள். அவசரப்பட்டு வெறும் கழியில் வெட்டினால் வாடைக்காற்று ஒரே ராத்திரியில் மணலைத் தள்ளி மூடிவிடும். நிரம்பிய பிறகு, கடல் இறங்கும் வற்றம் தொடங்கும் நேரம் பார்த்து, இரண்டு முழ அகலத்துக்கு மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் கீறினால் போதும். மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். சாயங்காலம் கீறியது, விடிவதற்குள் வத்தை போகிற அகலம் ஆகிவிட்டது. ஜேசிபி தேவையே இல்லை. கீறிய உடனே பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், கரை இடிந்து விழும்.

சித்திரைத் திறப்பு வேறு கதை. அப்போது கழி வெயிலில் காய்ந்து கடலைவிடத் தாழ்ந்திருக்கும். இந்தக் கரையில் கடல் மட்டமும் ஐப்பசியைவிட அப்போது தாழ்ந்திருக்கும். அதனால் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தை மட்டும் நம்பி, ஆழமாக, குறுகலாக வெட்ட வேண்டும். கடல் உள்ளே ஊற்றும், உப்புத் தணியும், கூடவே பால்மீன் குஞ்சும் வரும். நான்கைந்து இரவு திறந்திருந்தால் நல்லது. அப்புறம் மூடினால் மூடட்டும்.

உப்பை அளக்க உப்பளத்து டிகிரி மீட்டரே போதும், திருப்பாலைக்குடிப் பக்கம் யாரிடமாவது இருக்கும். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை காட்டும். உப்பு விளைய 25 ஆக வேண்டும். எங்கள் கழியில் 7 தாண்டியதும் மடவை ஓரம் ஒதுங்கித் தவிப்பதைப் பார்த்தோம், பால்மீன் அதற்கு மேலும் தாங்குகிறது. கோடையில் மீன் உயிர் தப்ப, நடுக்கழியில் ஐந்தடி ஆழத்துக்கு மூன்று மடு இருக்கிறது. விடியும் முன் போய்ப் பாருங்கள், மீன் வாயைப் பிளந்து மேலே நின்றால் தண்ணீரில் காற்றில்லை என்று அர்த்தம். பக்கத்தில் இறால் பண்ணை இன்னும் நடந்தால், பிளீச்சிங் போட்ட தண்ணீரை எப்போது விடுகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.

கரையோரம் அலையாத்தி நட்டோம். காரங்காட்டில் அலையாத்திக்காடு எப்படி நிற்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள், ஏற்றம் தொடும் இடமாகப் பார்த்து நட வேண்டும் என்பது புரியும். வெள்ளாடுதான் பெரிய எதிரி, வேலி போடாமல் நடாதீர்கள். மடுவுக்குள் சீமைக்கருவேல் கிளைகளை வெட்டி அமுக்கி வைத்தோம். குஞ்சுக்கு ஒளிவிடம் என்று சொல்லித்தான் போட்டது. இன்னொரு லாபம் பிறகு தெரிந்தது. அங்கே வீச்சு வலை வீசினால் முள்ளில் மாட்டிக் கிழியும். ராத்திரி வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒருமுறை வீசிவிட்டு மறுமுறை வருவதில்லை. அந்த மரத்தால் ராமநாதபுரம் ஜில்லாவுக்குக் கிடைத்த நல்லது இது ஒன்றுதானோ என்னவோ.

வெளியே போகும் மீன்

இதுவரை சொன்னதெல்லாம் மண்வேலை. கஷ்டமான வேலை இனிமேல்தான்.

மழை பெய்து வாய் திறந்ததும், சினை பிடித்த மடவை எல்லாம் கூட்டமாக முகத்துவாரத்துக்கு வரும், கடலுக்குப் போக. அந்த ராத்திரி குறுக்கே ஓர் அடைப்பு வலை கட்டினால் கழியில் இரண்டு மூன்று வருஷம் வளர்ந்த மீன் அத்தனையும் ஒரே வலையில். அதுவும் சினை மடவை! அந்தச் சினையை மஞ்சளும் மிளகுத்தூளும் தடவி நல்லெண்ணெயில் பொரித்தால் என்ன ருசி என்று கடற்கரைக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கூடவே வாடைக்காலம், வீட்டில் காசு இருக்காது. அந்த நேரத்தில் “பிடிக்காதே, போகட்டும்” என்று சொல்வது லேசா?

ஊர்க் கூட்டத்தில் என் மச்சானே எழுந்து கேட்டான். “நாம விட்ட மீன் குஞ்சு போட்டா அது நம்ம கழிக்கே வரும்னு எழுதித் தர்றியா? மோர்ப்பண்ணைக்காரன் வலையில போய் விழுந்தா?” எழுதித் தர முடியாது. சால்மனாக இருந்தால் தரலாம். நான் திருப்பிக் கேட்டேன், “உங்கள் அப்பன் பிடித்த மடவை எவன் விட்டது?” வாய் மூடியே கிடந்த காலத்திலும் வெள்ளம் வந்த வருஷங்களில் கொஞ்சம் குஞ்சு உள்ளே வந்ததே, அது ஏதோ ஓர் ஊர்க்காரன் வெளியே விட்ட மீனின் குஞ்சுதானே. மச்சான் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டான். அடுத்த வருஷம் மோர்ப்பண்ணைக்கு அவனையே பேச அனுப்பினோம், அவர்கள் ஓடையிலும் அடைப்பு வலை வேண்டாம் என்று. பாதி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கட்டுப்பாடு இவ்வளவுதான். வாய் திறந்த நாளிலிருந்து தை பிறக்கும் வரை முகத்துவாரத்தில் வலை கிடையாது, பாலத்திலிருந்து கடல் வரை யாருக்கும். கழிக்குள் வீட்டுக்கு ஒரு வீச்சு வலை. வலைக் கண்ணில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கையால் தடவிப் பிடிக்கிற பெண்களுக்கு எந்த நாளும் தடை இல்லை. பிடித்தது குழம்புக்கு, ஏலத்துக்குப் போகக் கூடாது. கடைசி விதிதான் அதிகம் மீறப்படுகிறது, வீட்டில் விருந்தாளி என்று சொல்லி மூன்று கிலோ எடுத்துப்போய் ராமநாதபுரத்தில் விற்பதெல்லாம் எனக்கும் தெரியும். பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவேன். முகத்துவார வலையை மட்டும் விடமாட்டேன்.

அதற்குக் காவல் வேண்டும். ராத்திரிக்கு இரண்டு பேர், முறை வைத்து. மழைக்கோட்டு, டார்ச், பிளாஸ்கில் டீ. முதல் வருஷம் நானும் மச்சானும் உட்கார்ந்தோம், மழை ஓயவில்லை, டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் செம்மண் நிறம். பதினோரு மணிக்கு மேல் பாலத்துக்குக் கீழே தட்தட்டென்று சத்தம், யாரோ ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல. மடவை துள்ளுகிறது. எண்ண முயன்று விட்டுவிட்டோம். ஒன்று எம்பி வந்து கல்லிடுக்கில் விழுந்தது, முழங்கை நீளம், வயிறு புடைத்திருந்தது. மச்சான் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். அப்புறம் கடல் பக்கமாகத் தண்ணீரில் இறக்கிவிட்டான்.

எத்தனை வருஷம் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மடவை சினை பிடிக்கவே இரண்டு மூன்று வருஷம், பால்மீனுக்கு ஐந்து. அதற்குள் பலன் கேட்டால் தவறு. தை மாதம் ஒரே இடத்தில், ஒரே வலையால், ஒரே ஆள் பத்து வீச்சு வீசி என்ன விழுந்தது என்று எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் முதல் தை 3 மடவை, போன தை 41. நடுவில் ஒரு வருஷம் மழை ஏமாற்றியபோது 9-க்கு இறங்கியது. வாசலைத் திறந்து வைப்பதுதான் நம் கையில், மழை இல்லை.

பங்குனி நெருங்குகிறது. பாலத்துக்குக் கீழே மழைக்கு வந்து மாட்டிய பழைய வலைத்துண்டும் பிளாஸ்டிக்கும் ஒரு டிராக்டர் அளவுக்குக் கிடக்கிறது, சித்திரை அமாவாசைக்குள் அதை இழுத்துப் போட வேண்டும். அரிவாள் கொண்டுபோங்கள், வலைத்துண்டு கையால் அறாது.